எந்தத் தேசத்தில் துப்பாக்கி தருவார்கள்?

போன மாதம் கல்விக் கடன் விண்ணப்பத்தோடு ஒரு தம்பி எங்கள் வங்கிக்கு வந்தான். எங்கள் பக்கத்துச் சேரிப் பையன், பொறியியல் முடித்தவன். மேற்படிப்புக்கு அமெரிக்கா போகணும் என்றான். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டேன். அவன் பல்கலைக்கழகத்தைச் சொல்லவில்லை, மாநிலத்தைச் சொன்னான். டெக்சாஸ். ஏன் அங்கே என்றேன்.

"அங்கதாண்ணே லைசென்சு கூட இல்லாம இடுப்புல துப்பாக்கி வச்சுக்கிட்டுப் போகலாம்" என்றான்.

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அவன் தெருவுக்குள் ஊர்க்காரர்கள் வந்தது எனக்கும் தெரியும். ஓட்டு வீடு, கூரை வீடு எல்லாம் சேர்த்துப் பதினோரு வீடு. அப்போது அவன் பிளஸ் டூ. புத்தகம், மதிப்பெண் சான்றிதழ், அம்மா சீட்டுப் பிடித்து வாங்கின பீரோ, எல்லாம் போனது. "எங்கப்பா கதவுக்குப் பின்னால விறகுக்கட்டையோட நின்னாருண்ணே. அவர் கையில ஒரு துப்பாக்கி இருந்து, ஒரே ஒரு தடவை வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தாருன்னா, எவனாவது தெருவுக்குள்ள கால வச்சிருப்பானா? நீங்களே சொல்லுங்க. எந்தத் தேசத்துல நமக்குத் துப்பாக்கி தருவாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படிவத்தில் கையெழுத்து விட்டுப்போன இடத்தைக் காட்டி, போட்டுக் குடுப்பா என்றேன். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. அந்தத் தம்பிக்கு அகிம்சை உபதேசம் செய்கிற யோக்கியதை இந்த நாட்டில் எவனுக்கும் கிடையாது. வீடு எரியாதவன், எரிந்தவனுக்குப் பொறுமை சொல்லுவது ரொம்பச் சுலபம். அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு கேள்வி கேட்டார். மற்ற நாடுகளில் நடந்த சமூகப் புரட்சி இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? பதிலையும் அவரே சொன்னார். நால்வருணம் கீழே கிடந்தவர்களுக்கு ஆயுதத்தை மறுத்தது. ஆயுதம் இல்லாததால் கலகம் செய்ய முடியவில்லை. கல்வியையும் மறுத்ததால் விடுதலைக்கு வழி யோசிக்கவும் முடியவில்லை. இதைச் சொன்னவர் பட்டாளத்து வீட்டுப் பிள்ளை. அப்பா சுபேதார். 1818இல் கோரேகாவில் துப்பாக்கி பிடித்த மகர்களை, 1890களில் போர்க்குடி அல்ல என்று சொல்லி வெள்ளைக்காரன் படையில் சேர்ப்பதையே நிறுத்தினான். மறுபடி மகர் படைப்பிரிவு என்று ஒன்று வர 1941 ஆயிற்று. எவன் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் எப்போதும் சாதிதான் முடிவு செய்திருக்கிறது. தம்பியின் கேள்வியில் வரலாறு இருக்கிறது. அதைக் கோளாறு பிடித்த பையன் பேச்சு என்று ஒதுக்க முடியாது.

சரி, அமெரிக்காவுக்கே போவோம்.

அங்கே 1791இல் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தமாக ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை எழுதி வைத்தார்கள். 2018இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, அந்த நாட்டில் பொதுமக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கிகள் என்று மதிப்பிட்டது. நூறு பேருக்கு நூற்றிருபது. டெக்சாசில் 2021இலிருந்து உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம். தம்பி சொன்னது வரைக்கும் சரி. அவன் படிக்காமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது. மாணவர் விசாவில் போனவனும் எச்-1பி விசாவில் வேலை செய்கிறவனும் துப்பாக்கி வைத்திருப்பதை அந்த நாட்டுக் கூட்டரசுச் சட்டமே தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். உரிமை வேண்டுமென்றால் பச்சை அட்டை வாங்க வேண்டும். வேலை வழியாக அதற்கு வரிசையில் நிற்கும் இந்தியர்கள் பத்து வருசம், இருபது வருசம் என்று நிற்கிறார்கள். அதுவரைக்கும் இவன் நிலை என்ன? சுற்றி இருக்கிறவன் எல்லாரிடமும் துப்பாக்கி, இவனிடம் மட்டும் இல்லை. இந்த ஏற்பாடு நமக்குப் புதுசா? இதற்கு எதற்குத் தம்பி இருபது இலட்சம் கடன்? ஊரிலேயே இருக்கே.

பச்சை அட்டையும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாட்டில் நம்மைப் போன்றவர்கள் யார்? கறுப்பர்கள். துப்பாக்கி உரிமை அவர்களுக்கு என்ன செய்தது?

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, கறுப்பர்கள் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்பு எழுதினார். அவர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன ஆகும் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார். விரும்பிய மாநிலத்துக்குப் போவார்கள், கூட்டம் போட்டுப் பேசுவார்கள், போகிற இடமெல்லாம் ஆயுதம் வைத்திருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் குடியுரிமையையே மறுத்தார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்த அதே 1865இல் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பர் உள்ளூர் அதிகாரிகளிடம் உரிமம் வாங்காமல் துப்பாக்கியோ கத்தியோ வைத்திருந்தால் குற்றம். அடிமைச் சங்கிலி போனதும் அவர்கள் போட்ட முதல் பூட்டுகளில் ஒன்று அது.

இனி நான் சொல்லப்போவது குடிபெயர்ந்தவர்களின் கதை. தம்பி இதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

1892, மெம்பிஸ் நகரம். கறுப்பர்கள் கூட்டாக ஒரு மளிகைக் கடை நடத்தினார்கள். எதிரில் இருந்த வெள்ளைக்காரன் கடையில் வியாபாரம் படுத்தது. சண்டை வந்தது. ஒரு ராத்திரி ஆயுதத்தோடு ஒரு கூட்டம் கடைக்குள் நுழைந்தபோது உள்ளே காவலுக்கு இருந்த கறுப்பர்கள் சுட்டார்கள். தம்பியின் அப்பா கையில் இல்லாத துப்பாக்கி அவர்கள் கையில் இருந்தது. என்ன ஆயிற்று? காயம்பட்டவர்கள் ஷெரீப்பின் ஆட்கள் என்று சொல்லிக் கடைக்காரர்கள் மூவரைச் சிறையில் போட்டார்கள். சிறையிலிருந்து வெள்ளையர் கும்பல் மூவரையும் இழுத்துப் போய்க் கொன்றது. அவர்களில் ஒருவரான தாமஸ் மோஸ், சாகும் முன் தன் மக்களை மேற்கே போய்விடச் சொன்னார் என்று அந்நாளில் செய்தி வந்தது.

மோசின் சிநேகிதி ஒரு பத்திரிகைக்காரி. ஐடா பி. வெல்ஸ். அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். கறுப்பர் வீடு ஒவ்வொன்றிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று எழுதினார். நம்மைக் காப்பாற்றாத இந்த ஊரை விட்டுப் போவோம் என்றும் எழுதினார். சொன்னபடி ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். பலர் ஓக்லகோமாவுக்குப் போனார்கள். செவ்விந்தியர்களிடம் பிடுங்கிய மண் அது என்பதையும் மறக்கக் கூடாது. வெல்சின் அச்சகத்தை அந்த வருசமே வெள்ளையர்கள் நொறுக்கினார்கள். அவர் மெம்பிசுக்குத் திரும்ப முடியவில்லை.

அந்த ஓக்லகோமாவில் டல்சா என்று ஒரு நகரம் வளர்ந்தது. அதில் கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதி. சொந்தக் கடை, சொந்தப் பத்திரிகை, சினிமா கொட்டகை, டாக்டர்கள், வக்கீல்கள் என்று செழித்தது. உலகப் போருக்குப் போய்த் திரும்பிய கறுப்பர்கள் அங்கே இருந்தார்கள், துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். 1921 மே 31 அன்று, ஒரு வெள்ளைப் பெண்ணைத் தொட்டான் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பு இளைஞனைக் கும்பல் கொன்றுவிடாமல் தடுக்க இவர்கள் துப்பாக்கியோடு நீதிமன்றத்துக்குப் போனார்கள். எவ்வளவு பெரிய காரியம்! அந்த இளைஞன் கொல்லப்படவில்லை. பின்னால் வழக்கும் நிற்கவில்லை. ஆனால் அன்றிரவு என்ன நடந்தது? போலீஸ், வெள்ளையர்களில் நூற்றுக்கணக்கானவர்களைத் துணைக் காவலர்கள் என்று பதவி கொடுத்து அனுப்பியது. விடிந்ததும் கிரீன்வுட்டைக் கொளுத்தினார்கள். முப்பத்தைந்து தெருக் கட்டங்கள் சாம்பல். ஆயிரத்துக்கும் மேலான வீடுகள் எரிந்தன. செத்தவர்கள் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். தேசியக் காவல்படை வந்து கறுப்பர்களின் ஆயுதத்தைப் பிடுங்கி, அவர்களையே பிடித்து அடைத்து வைத்தது. கொளுத்தினவன் ஒருத்தன்கூடத் தண்டனை பெறவில்லை. உயிரோடு மிஞ்சியிருந்த இரண்டு மூதாட்டிகள் நூறு வயதைத் தாண்டியும் இழப்பீடு கேட்டு நடத்திய வழக்கை 2024 சூனில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

துப்பாக்கிக்குப் பஞ்சமில்லாத மாநிலம், குடிபெயர்ந்து போன மக்கள், சுடத் தெரிந்த பட்டாளத்துக்காரர்கள். தம்பி கேட்டது எல்லாமே அங்கே இருந்தது. அவர்களுக்கு இல்லாதது எது? சட்டம் அவர்களைக் குடிமக்களாக எண்ணவில்லை. வெள்ளைக்காரன் சுட்டபோது அவனுக்கு வில்லை கொடுத்துக் காவலர் ஆக்கினார்கள். கறுப்பன் சுட்டபோது அதுவே அவனுக்கு எதிரான சாட்சி ஆயிற்று. துப்பாக்கி ஒன்றுதான். பிடித்த கையைப் பார்த்து அதற்குப் பேர் மாறுகிறது.

இது நூறு வருசத்துக் கதை என்று தள்ள முடியாது. 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார். மறுத்தார்கள். 1966இல் ஓக்லண்டில் கருஞ்சிறுத்தைகள் சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கியோடு நின்று போலீசைக் கண்காணித்தார்கள். உடனே 1967இல் கலிபோர்னியாவில், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லத் தடைச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரீகன். துப்பாக்கி உரிமைக்காக இன்றைக்குத் தொண்டை கிழியக் கத்துகிற தேசிய ரைபிள் சங்கம் அன்றைக்கு அந்தச் சட்டத்தை ஆதரித்தது. 2016இல் மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பரைக் காரில் வழிமறித்தது போலீஸ். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முறையாகச் சொன்னார். உரிமமும் இருந்தது. அந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்ட காவலர் மறு வருசம் விடுதலை.

அப்படியானால் துப்பாக்கி எங்கேயுமே உதவவில்லையா? உதவியிருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 1957இல் வடக்கு கரோலினாவின் மன்றோ ஊரில் ராபர்ட் வில்லியம்சும் தோழர்களும், தங்கள் தலைவர் ஒருவர் வீட்டைத் தாக்க வந்த கு கிளக்ஸ் கிளான் கும்பலைத் துப்பாக்கியால் திருப்பி அனுப்பினார்கள். 1964இல் லூசியானாவில் 'டீக்கன்கள்' என்று கறுப்புத் தொழிலாளிகள் அமைப்பு கட்டி, சிவில் உரிமைப் போராளிகளுக்கு ராத்திரிக் காவல் நின்றார்கள். அந்த இரண்டு இடத்திலும் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு சங்கம் இருந்தது. சேர்ந்து காவல் நிற்கிற தெரு இருந்தது. தனியாளாக ஒருத்தன் அலமாரியில் பூட்டி வைத்த துப்பாக்கி இல்லை அது. ஆனாலும் வில்லியம்ஸ் 1961இல் நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது. கியூபா, சீனா என்று எட்டு வருசம். துப்பாக்கி உரிமை உள்ள தேசத்திலிருந்து துப்பாக்கி பிடித்ததால் குடிபெயர்ந்த மனிதர்!

கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாயில் எடுத்துக்கொண்டவர்கள் நம்முடைய ஆட்கள்தான். நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார். எல்லாம் எழுதுகிறவர்கள். அவர்கள் எடுத்தது துப்பாக்கியை அல்ல, பெயரையும் கோபத்தையும். ஊர் ஊராகப் போய் நின்றார்கள். நமக்கு ஒரு மொழி கிடைத்தது.

வேறு தேசம் பார்க்கலாமா? தலைக்கணக்கில் அமெரிக்காவுக்கு அடுத்து அதிகமாகத் துப்பாக்கி இருக்கிற நாடு ஏமன். குலத்து ஆண் இடுப்பில் கத்தி இல்லாமல் வெளியே வரமாட்டான். அங்கே தெருக்கூட்டுகிற, மலம் அள்ளுகிற ஒரு சனம் இருக்கிறது. 'அக்தாம்' என்பார்கள், வேலைக்காரர்கள் என்று அர்த்தம். 'முகம்மசீன்', அதாவது விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள் என்பது இப்போதைய பெயர். குல அமைப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஆயுதம் அங்கே குலத்தானின் அடையாளம். இவர்களுக்குக் கையில் துடைப்பம்.

அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்தில் குடகு இருக்கிறது. 'குடகு இனத்தவர்' என்ற பிறப்பையும், 'சம்மா' நிலம் வைத்திருப்பதையும் காரணமாகக் காட்டி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த விலக்கு இன்னமும் நடக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு அதைப் பத்து வருசம் நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. அதே குடகில் காப்பித் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்கிற எரவர், பணியர் என்ற ஆதிவாசிகளுக்கு அந்த உரிமை இல்லை. 2016 டிசம்பரில் திட்டள்ளியில் ஆதிவாசிகளின் குடிசைகளை அரசாங்கமே இடித்துத் தள்ளியது. பிறப்பும் நிலமும் உள்ளவனுக்குத் துப்பாக்கி, இல்லாதவனுக்குக் குடிசையும் இல்லை. துப்பாக்கி உரிமை தேடித் தம்பி விமானம் ஏற வேண்டாம், மைசூர் பஸ் போதும். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆயுதம் மறுக்கப்பட்டதே நம் அடிமைத்தனத்துக்குக் காரணம் என்று 1936இல் சொன்ன அம்பேத்கர், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமை ஆக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். 1931 கராச்சி மாநாட்டில் காங்கிரஸ் கேட்ட உரிமைதான் அது. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையே சட்டத்தில் நின்றது. இது முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலமும் பணமும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே தெருவின் கையில் இருக்கிற கிராமத்தில், எல்லாருக்கும் துப்பாக்கி என்று சட்டம் போட்டால் முதல் துப்பாக்கியை வாங்குகிறவன் யார்? கீழ்வெண்மணியில் 1968இல் துப்பாக்கியோடு வந்தது யார்? நாற்பத்து நான்கு பேர் கருகினார்கள், பண்ணையார் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார். 1997இல் பீகார் லட்சுமண்பூர் பாதேயில் ரணவீர் சேனை சுட்டுக் கொன்றது ஐம்பத்தெட்டுப் பேரை. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் இருபத்தாறு பேரையும் விடுதலை செய்தது. அதே 1997இல் மேலவளவில் முருகேசனையும் தோழர்களையும் பட்டப்பகலில் பஸ்சை மறித்து வெட்டினவர்கள் கையில் துப்பாக்கியே இல்லை, அரிவாள்தான். தண்டிக்க மாட்டார்கள் என்கிற தைரியம் இருக்கிறவனுக்கு அரிவாளே போதும். அந்தத் தைரியத்தைத்தான் நாம் உடைக்க வேண்டும்.

உடைக்கச் சட்டத்தில் ஒரு கருவி சும்மா கிடக்கிறது. தம்பிக்கு இது தெரியாது. நம் தோழர்களிலேயே பலருக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள், மூன்றாவது விதி. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதியில் தேவைப்பட்டால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கும் மேலே, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தேவைப்பட்டால் நம் மக்களுக்கு ஆயுத உரிமம் தர வேண்டும். ஆமாம் தோழர்களே, எழுதியே வைத்திருக்கிறார்கள்! சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் இருக்கிறது. அந்த விதியின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவன் ஆயுதத்தை வாங்கி வை, பிறகு இவனுக்குக் கொடு. அந்த வரிசைதான் சரி. எதிர்த்தெரு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால், நம் தெருவுக்கு அது தேவையே படாமல் போகலாம்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லணும். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் செத்தவர்கள் நாற்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளை நான் அறிவேன். அந்த அறையின் மேசை இழுப்பறையில் ஒரு துப்பாக்கி இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

தம்பி அமெரிக்கா போகட்டும். தாராளமாகப் போகட்டும். ஊரை விட்டு வெளியேறுவது நமக்கு ஓட்டம் இல்லை, உரிமை. ஆனால் தேசத்தைத் துப்பாக்கியை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உன்னை ஒருத்தன் அவமானப்படுத்தினால் சட்டம் காது கொடுத்துக் கேட்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடு. 2023இல் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருசம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அப்படிப்பட்ட மசோதாவை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். சாதி நமக்கு முன்னாலேயே விசா வாங்கிப் போய்விட்டது. அங்கேயும் சங்கம் வேண்டியிருக்கிறது.

அன்றைக்குத் தம்பி போன பிறகு எங்கள் கிளை வாசலில் நிற்கிற கன்மேன் அண்ணன் உள்ளே வந்தார். முன்னாள் படைவீரர், நம்மாள்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "பதினேழு வருசம் பட்டாளத்துல, இங்க எட்டு வருசம், துப்பாக்கியைக் கீழ வைக்கல சார். ஊருக்குப் போனா இன்னும் எந்தெரு வழியா சாமி வர்றதில்ல" என்றார். அவர் என்னைச் சார் என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

வேலைக்கு வருவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியருக்கு மனுப் போடுவோம். இரண்டே கேள்வி. மூன்றாவது விதியின்படி இதுவரை எத்தனை ஆதிக்க சாதியாரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்தீர்கள்? அதே விதியின்படி எத்தனை தலித்துகளுக்கு உரிமம் கொடுத்தீர்கள்? வருகிற பதிலை இந்த இதழுக்கு அனுப்புங்கள், வரிசையாக அச்சிடுவோம். எங்கள் மாவட்டத்துக்கான மனுவை எழுதிவிட்டேன். கீழே அந்தத் தம்பியின் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.